சிரிச்ச முகம்

முதலியார்பேட்டையில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் "எப்பவும் சிரிச்ச முகம்" என்பார்கள். கல்யாண வீட்டிலும் இதே சான்றிதழ்தான், சாவு வீட்டிலும் இதேதான். கடலூர் சாலை டீக்கடையில் "நல்லாருக்கியா?" என்று கேட்பவர் பதிலுக்கு நிற்பதில்லை. கேட்ட கையோடு "மாஸ்டர், ரெண்டு டீ" என்று திரும்பிவிடுவார்.

உள்ளே நொறுங்கிக் கிடப்பவர் வெளியே சிரித்தால், அது பொய்யா?

இதை யோசிக்கும்போதெல்லாம் சந்திரபாபு ஞாபகம் வருகிறார். 1952இல், வாய்ப்புக்காக அலைந்து, எஸ்.எஸ். வாசனைச் சந்திக்கக்கூட முடியாமல், ஜெமினி ஸ்டுடியோவிலேயே உயிரை விட முயன்றார். அப்போது தற்கொலை முயற்சி குற்றம். இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. பிழைத்தவரைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். நீதிபதி நடித்துக் காட்டச் சொன்னதாகவும், இவர் ஷேக்ஸ்பியர் வசனம் பேசியதாகவும், அதைக் கேட்டு விடுவித்ததாகவும் சொல்வார்கள். சினிமாக்காரர்கள் ரசித்துச் சொல்லும் கதை. எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சாகத் துணிந்த மனிதன், அப்போதும் நாலு பேருக்குப் பிடித்த மாதிரி நடித்துத்தான் வெளியே வர முடிந்திருக்கிறது! அதன்பின் 1974இல் இறக்கும்வரை நம்மைச் சிரிக்க வைத்தவர் என்றே அவரை அறிவோம்.

சட்டம் மாறிடுச்சு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தரணும். டீக்கடைக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கு.

பொய் என்று சொல்ல, எதிரே உண்மையைக் கேட்கும் ஆள் ஒருவர் வேண்டும். பதிலை நாமே முடிவு செய்துவிட்டுக் கேட்டால், சிரிப்பவர் நாம் கேட்டதைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக அந்த முகத்தைப் பிய்த்தெறியச் சொல்வதும் சரியில்லை. என் தோழி ஒருத்தி, ஆபீஸில் கலாய்த்துக்கொண்டிருக்கும் அந்த எட்டு மணி நேரம்தான் தனக்கு ஓய்வு என்பாள். அவளை உலுக்கி "உண்மையைச் சொல்லு" என்று மிரட்டுவது அக்கறை ஆகாது. மனசு சரியில்லைன்னு சொன்னா "உனக்கென்னடி குறை?" என்று பதில் வரும் ஊரில், யாரிடம் சொல்வது என்பது அவள் உரிமை.

டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும். மறுமுனையில் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது. அவரைச் சந்தோஷப்படுத்தவும் வேண்டாம். தோழி முதலில் மனம்விட்டுப் பேசியது அங்கேதான், எங்களில் யாரிடமும் இல்லை. கேட்டபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இப்போ இல்ல.