காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போவது

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகிற வீதியில், திருக்கோவில் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கோமாரி. தமிழ் ஊர், இந்துக்களோடு கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். வடக்கே அக்கரைப்பற்றும் தெற்கே பொத்துவிலும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள். நெல்லானாலும் மீனானாலும் கொடுக்கல் வாங்கல் அவர்களோடுதான். ஆகவே கோமாரியில் வேதத்தின்படி நடப்பது சபைச் சுவருக்குள் முடிகிற காரியமல்ல.

மலைப் பிரசங்கத்தில் என்னை விடாமல் தொந்தரவு செய்கிற ஓர் இடம் உண்டு. காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. ‘யார்மேலாவது கோபம் இருந்தால் மன்னித்துவிடுங்கள்’ என்று இதைச் சுருக்கிவிடுகிறோம். அங்கே கோபம் நமக்கல்ல, மற்றவனுக்கு. அவன் குறை நியாயமானதா என்று விசாரித்துப் பார்க்கச் சொல்லவுமில்லை. மன்னிக்கிறவன் சற்று உயரத்தில் நின்றுகொள்ளலாம். அடுத்தவன் வாசலில் போய் நிற்பவனுக்கு அந்த வசதி கிடையாது.

சகோதரன் என்றால் சபையான்தானே என்று தப்பிக்கப் பார்க்கலாம். அந்த வழியை நல்ல சமாரியன் கதை அடைத்துவிடுகிறது. குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, பகையினத்தான் ஒருவன்தான் குனிந்து தூக்கினான். விடுதிக்காரனிடம் இரண்டு நாள் கூலிப் பணத்தைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னான். இரக்கத்தில் இந்தத் திரும்பி வருகிற பகுதியைத்தான் நாம் சுலபமாக விட்டுவிடுகிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். இலங்கையில் அதிக உயிர்களை ஆழிப்பேரலைக்குக் கொடுத்தது அம்பாறை மாவட்டம்தான், கோமாரியும் தப்பவில்லை. யார் வீட்டுச் சோறு என்று அந்த நாட்களில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேரழிவில் இரக்கம் தானாகவே வரும். அலை வடிந்து காணி, எல்லை, செயலகம் என்று பேச்சு தொடங்கிய பிறகுதான் வேதம் நம்மைச் சோதிக்கிறது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை எத்தனை வருடமாக இழுபடுகிறது!

பழைய கணக்குகளும் இருக்கின்றன. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 12 அன்று வீரமுனைக் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. ஒன்பது நாள் இடைவெளி. ஒவ்வொரு பக்கமும் தன் தேதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தால், அந்த ஒன்பது நாளைத் தாண்ட ஒரு தலைமுறை போதாது.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டார்கள். குண்டுதாரியையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்று அந்தச் சபையின் போதகர் வெளிப்படையாகச் சொன்னார். அதே வாரம் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த அந்தக் கும்பலைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. ஆனாலும் முஸ்லிம் கடைகளுக்குப் போகவேண்டாம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. பிரசங்க மேடையில் சொன்ன மன்னிப்பு கடை வாசலில் தோற்றது. கீழ்ப்படிதல் என்று நான் நினைப்பது அந்தக் கடைக்கே மறுபடி போய், சலாம் சொல்லி, சாமான் வாங்குவதை. அதைச் செய்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். பத்திரிகையில் அது செய்தியாகாது.

போனால் கதவு திறக்குமா? வேதம் அப்படி எந்த உறுதியும் தரவில்லை. விசுவாசம் வேண்டியது இங்கேதான். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஆல்ட், கப்பல் பயணத்திலேயே மனைவியை இழந்தவர். தமிழ் படித்து, பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஒரு வருடம் நிறையுமுன்னே இறந்துபோனார். பலன் எதையும் அவர் இருந்து பார்க்கவில்லை.

உங்கள்மேல் மனக்குறையோடு ஒருவர் பக்கத்து ஊரிலோ பக்கத்து வளவிலோ இருக்கிறார். யாரென்று உங்களுக்கே தெரியும். வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.