செவியின் நடுவுநிலைமை

நடுவுநிலைமை என்பது நீதிமன்றத்துக்கும் துலாக்கோலுக்கும் மட்டுமே உரிய அறமன்று. செவிக்கும் அது உரியது. பழகாத இசையைக் கேட்டவுடன் 'இரைச்சல்' என்று தள்ளுவதையும், விளங்காமலே வியந்து போற்றுவதையும் சுவை வேறுபாடுகள் என்றே பலரும் கொள்வர். ஆயின் அவை ஒழுக்கம்பற்றிய வினாக்களுமாகும். மரபின் எல்லைகளைச் சோதித்த ஜாஸ் இசைத்தட்டுகள் இவ்வுண்மையை ஆராய்வதற்கு ஏற்ற களமாய் அமைகின்றன.

அமெரிக்கக் கலைஞர் ஓர்னெட் கோல்மன் 1960 இல் ஒலிப்பதிவு செய்து 1961 இல் வெளியிட்ட 'ஃபிரீ ஜாஸ்' என்னும் இசைத்தட்டில், நால்வர் கொண்ட இரு குழுக்கள் ஒருங்கே இசைக்கின்றன. ஒரு குழு இடப்புறத்திலும் மற்றையது வலப்புறத்திலும் ஏறத்தாழ 37 நிமிடங்கள் ஒலிக்கின்றன. முதன்முறை கேட்பவனுக்கு அது சந்தைக் கூச்சல். மறுமுறை ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து கேட்பானாயின், ஒருவர் எழுப்பிய இசைத்தொடரை மற்றவர் பற்றி வளர்ப்பதும் மறுப்பதும் புலப்படும். ஜோன் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1965 இல் வெளிவந்தது. அதன் முதற்பகுதியில் நான்கு சுரங்களாலான சிறு தொடரொன்று சுருதி மாறி மாறித் திரும்ப வருகின்றது. பொறுமையற்றோர் அதனைச் சலிப்பு என்பர். பொறுத்திருப்போர் வேண்டுதல் என்பர்.

திரும்ப வருதலின் பயனை அறிய அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. வன்னியில், நந்திக்கடற் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் உள்ளது. வைகாசிப் பொங்கலில் உப்புநீரில் விளக்கெரியும் தலம் அது. அவ்வன்னையின் கதையைப் பாடி ஆடுவதே முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து. புதிதாக வந்தவன் அங்கு ஒரே மெட்டையும் ஒரே மத்தள ஓசையையுமே கேட்பான். கதையின் முடிவை முன்னரே அறிந்த ஊரவரோ, அதே மெட்டில் இன்றைய கண்ணகியின் குரல் எவ்வாறு எழுகின்றது என்பதைக் கேட்பர்.

அறிந்த செவியும் அறியாத செவியும் ஒருவரிடத்திலேயே இருத்தல் கூடும். ஜோன் மக்லாக்லினின் கிற்றாரும் எல். சங்கரின் வயலினும் விநாயக்ராமின் கடமும் ஸாகிர் ஹுசைனின் தபேலாவும் இணைந்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு 1976 இல் வெளிவந்தது. சங்கரின் இளமை யாழ்ப்பாணத்தில் கழிந்தது. தந்தையார் அங்கு இசை ஆசிரியர். 1958 இனக்கலவரத்தின் பின்னர் அக்குடும்பம் இந்தியா சென்றது. இவ்விசைத்தட்டில், தாளக்கணக்கு அறிந்த தமிழன் ஒழுங்கைக் கேட்கிறான். அறியாத மேனாட்டவன் வேகத்தை மட்டுமே கேட்கக்கூடும். கோல்மனின் முன்னர் இந்நிலை தலைகீழாகின்றது. தான் அறியாதவிடத்தில் பிறரிடம் எத்தகைய பொறுமையை எதிர்பார்ப்பானோ, அதனைத் தானும் பிறர் இசைக்கு அளித்தலே முறை.

எல்லா ஒலிக்கும் பொறுமை காட்ட வாழ்நாள் போதுமோ என வினவலாம். போதாது. கேட்டபின் மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு. கேளாது மறுக்கும் உரிமையே இல்லை. பொறுமைக்கு அடுத்த கடமை வாய்மை. அறியாதவன் எனப்படுவோமோ என்றஞ்சிப் புகழ்பவன், கேளாது இகழ்பவனைப் போலவே பொய்யுரைக்கின்றான்.

இவ்வறத்தின் உரைகல் நியூயோர்க்கில் இல்லை. தமிழ்க் கிராமங்களிலேயே உள்ளது. சாவீட்டுப் பறையை இரைச்சல் என்று ஒதுக்கும் ஒருவர், மேனாட்டு முரசுக் கலைஞனின் தாள நுட்பத்தை வியந்து பேசுவாராயின், அவர் செவி ஒலியை நிறுக்கவில்லை. ஒலிப்பவனின் குலத்தையும் நாட்டையுமே நிறுக்கின்றது. பறையறைவோனை அழைத்து, அறையச்செய்து, வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் அவனது இசையை ஒருநாளும் கேட்டதாகாது. கோல்ட்ரேனைக் கேட்கப் பழகிய செவி பறையையும் அதே அளவையால் கேட்குமாயின், அப்பழக்கம் கல்வி எனப்படும். இல்லையேல் அது வெறும் அணிகலனே.