சொல்லும் உரிமையும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பை நாடும் நம் பிள்ளைகள், ஜி.ஆர்.இ. தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை அட்டைகளில் எழுதி இரவெல்லாம் உருப்போடுவதைக் காண்கிறோம். ஒருபுறம் சொல், மறுபுறம் ஒற்றை வரியில் பொருள். இவ்வாறு மனத்தில் ஏற்றிய சொல் நமக்கு உரிமையாகிவிடுமா?

'சாங்குவின்' என்பது நன்மையே விளையுமென நம்பும் மனநிலை. 'சாங்குவினரி' என்பது குருதி சிந்தும் கொடுமை. இரண்டும் குருதியைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை. பட்டியலை மட்டுமே நம்பியவர், நம்பிக்கை நிற்க வேண்டிய இடத்தில் கொலையை நிறுத்திவிடக் கூடும்!

இத்தேர்விலிருந்து எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் 2011ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. வாக்கியத்தின் போக்கறிந்து சொல்லைத் தேரும் வினாக்கள் நிலைத்தன. தனிச்சொல்லினும் சொல் வாழும் இடமே பெரிதென்பது இதனால் விளங்கும்.

ஆங்கில நூல்களே இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பட்டியல்தான் முதற்படி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் படியிலேயே குடியிருத்தல் ஆகாது. பொருளுணராச் சொல்லை உணர்ந்தாற்போல் ஆள்வது, இரவல் நகையைத் தமதென்று காட்டுவதற்கு ஒப்பாகும். தேர்வில் அது மதிப்பெண் தரலாம். பின்னர் ஆய்வேட்டின் முன் அமரும்போது கைவிட்டுவிடும்.

தேர்வெழுதுபவரைக் குறிக்கும் 'கேண்டிடேட்', ஒளிவுமறைவின்மையைக் குறிக்கும் 'கேண்டிட்' ஆகிய இரண்டும் வெண்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. பண்டை உரோமில் பதவி நாடியோர் வெள்ளாடை அணிந்து மக்கள்முன் வந்தனர். ஆடை வெண்மையானால் போதுமா? அறிந்ததை மட்டுமே அறிந்ததாகக் கூறும் உள்ளத்தின் வெண்மையையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.