கீழ்ப்படிதலும் செவிசாய்த்தலும்

ஆயுதம் தாங்கியோர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது மக்களாட்சியின் அடிப்படை நெறி. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், கீழ்ப்படிவோர் சொல்லும் உண்மையைக் கேளாதிருக்க ஆள்வோருக்கு உரிமை உண்டா? 1962-ஆம் ஆண்டின் இந்திய-சீனப் போர் இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1959 ஆகஸ்டு இறுதியில், தரைப்படைத் தலைவர் ஜெனரல் திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் கொண்ட கருத்து வேற்றுமையால் பதவி விலகல் கடிதம் அளித்தார். பிரதமர் நேருவின் வற்புறுத்தலால் அதைத் திரும்பப் பெற்றார். குடிமை அதிகாரமே மேலானது என்று நேரு நாடாளுமன்றத்தில் வலியுறுத்தினார். கூற்று சரியே. ஆனால் தளபதியின் மனக்குறை என்ன என்னும் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில், லடாக்கின் கொங்கா கணவாய் அருகே நம் காவலர் சிலர் சீனரால் கொல்லப்பட்டனர். நாடு கொதித்தது. நாடாளுமன்றமும் நாளேடுகளும் உறுதியைக் கோரின. பேச்சுவார்த்தைக்கான இடம் சுருங்கியது. 1961 நவம்பரில், முன்னேறிச் சென்று காவல்நிலைகள் அமைக்க அரசு ஆணையிட்டது. படைபலம் போதாது என்று மேற்குப் பகுதித் தளபதி தௌலத் சிங் 1962 ஆகஸ்டில் எழுதிய எச்சரிக்கை பயன் தரவில்லை. அக்டோபர் 20-இல் சீனப்படை தாக்கியபோது, பனிமலையில் நம் வீரர் பலர் கோடை உடையுடன் நின்றனர். ஒரு மாதத்திற்குள் 1,300-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். மேனன் பதவி இழந்தார்.

பழியை ஒருவர் தலையில் சுமத்துவது எளிது. மக்களின் சினம் நியாயமானதே. ஆனால் தம் படையின் நிலையை அறியாத சினம் அது. அத்தகைய சினத்திற்கு அஞ்சும் ஆட்சியாளருக்கு, உண்மையுரைக்கும் தளபதி தொல்லையாகத் தோன்றுவார். பிறரிடம் கற்கும் பணிவு விவேகத்தின் ஒரு கூறு என்பார் புனித தோமா அக்குவினாஸ். கட்டளையிடும் உரிமை பெற்றோர்க்கே அப்பணிவு மிகுதியும் வேண்டும்.

தோல்வியை ஆராய்ந்து ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் ஆகிய படை அதிகாரிகள் 1963-இல் அளித்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2014-இல் அதன் ஒரு பகுதி அயல்நாட்டு இதழாளர் ஒருவர் வழியாகவே வெளிப்பட்டது. படைக்கு மறைபொருள் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் நேற்றைய தவற்றை அறியாத மக்கள், நாளையும் அறியாமலே முழங்குவர்.

எனவே, எல்லையில் பதற்றம் எழும்போது, “நம் வீரர் ஆயத்தமாயிருக்கின்றனரா? தளபதிகளின் சொல் கேட்கப்பட்டதா?” என்று வினவுவது கோழைத்தனமன்று. நம் முழக்கத்தின் விலையைச் செலுத்துவோர் வேறு பெற்றோரின் பிள்ளைகள் அல்லரோ?