கண்டிப்பின் அறம்

ஒரு மேலாளரின் தகுதியை அவர் பிறரைப் பாராட்டும்போது அளந்துவிட முடியாது. பாராட்டுவது எவருக்கும் எளிது. தம் கீழ்ப் பணியாற்றும் ஒருவர் தவறிழைத்துவிட்டார் என்று தெரியவரும்போது அவர் முதலில் என்ன செய்கிறார் என்பதே அளவுகோல். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது யாவரும் அறிந்ததே. எல்லாருக்கும் முன்னால் குரல் உயரும். மாலைக்குள் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை மேசைக்கு வரும். தனியே அழைத்துப் பேசுவது, அப்படி ஒன்று நிகழுமானால், எல்லாம் முடிந்த பிறகே நிகழும்.

இந்த வரிசையை நேர்மாறாக அமைத்தவர், பெனடிக்ட் என்று உலகம் அறிந்த புனித ஆசீர்வாதப்பர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசினோ மலைமேல் மடம் நிறுவி, தம் துறவியர்க்கு 73 இயல்களில் ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். செபத்தைப் பற்றிய நூல் என்றே நாம் அதனைக் கருதுகிறோம். ஆனால் சமையலறை முறைவேலை, கருவிகளின் கணக்கு, காலந்தாழ்ந்து வருவோர் எனப் பலர் கூடி உழைக்கும் எந்த இடத்திற்கும் உரிய செய்திகள் அதில் உள்ளன. தவறியவரைத் திருத்துவதற்கென 23 முதல் 30 வரை எட்டு இயல்களைத் தொடர்ச்சியாக ஒதுக்கியிருக்கிறார்.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டிய வழியே அவருக்கு அடிப்படை. தவறியவரை மூத்தோர் முதலில் தனிமையில் எச்சரிக்க வேண்டும், அதுவும் இருமுறை. அதற்கும் திருந்தாதபோதுதான் அனைவர் முன்னிலையிலும் கடிந்துரைத்தல். அதன்பின் பொது வாழ்விலிருந்து விலக்கி வைத்தல். (அக்கால வழக்கப்படி உடல் தண்டனையும் அந்நூலில் உண்டு. அதனை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை.)

இவற்றையெல்லாம் விட 27ஆம் இயல் சிந்திக்கத்தக்கது. விலக்கி வைக்கப்பட்ட துறவியிடம், முதிர்ந்த அறிவுடைய சகோதரர் சிலரை மடத்தலைவர் மறைவாக அனுப்ப வேண்டுமாம். துயரத்தில் அவர் மூழ்கிப் போகாதபடி அவர்கள் தேற்ற வேண்டும்; மன்னிப்புக் கேட்கும் தாழ்ச்சிக்கு அவரை மெல்ல அழைத்து வர வேண்டும். தலைவர் தாமே சென்றால் என்ன? தண்டித்த கையிலிருந்தே வரும் ஆறுதலை அடிபட்ட மனம் ஏற்பதில்லை என்பதை ஆசீர்வாதப்பர் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. குறிப்பாணையில் கையெழுத்திட்ட மேலாளர், அதே நாளில் அந்த ஊழியர் மதிக்கும் மூத்தவர் ஒருவரிடம், "அவரைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? உளவு பார்க்க ஆள் அனுப்பத் தெரிந்த நமக்குத் தேற்றுவதற்கு ஆள் அனுப்பத் தெரிவதில்லை. திருச்சபை நடத்தும் நிறுவனங்களில் பொறுப்பு வகிப்போர்க்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தவறுகிறவரிடம் இவ்வளவு பொறுமை காட்டினால், அவருடைய வேலையையும் சேர்த்துச் சுமக்கும் மற்றவர்க்கு நீதி எங்கே? நியாயமான கேள்வி. ஆசீர்வாதப்பரும் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. எல்லா மருந்தும் பயனற்றுப் போனால், இறுதியில் மடத்தைவிட்டு அனுப்பிவிடச் சொல்கிறார். ஒரு நோயுற்ற ஆட்டினால் மந்தை முழுதும் கெட்டுவிடலாகாது. ஆனால் அந்த இறுதி நிலைக்குமுன் மடத்தார் அனைவரும் அவருக்காகச் செபித்திருக்க வேண்டும். ஆகவே அவருடைய பொறுமையைக் கண்டுகொள்ளாமை என்று நாம் மயங்கக் கூடாது. சோம்பலையும் முறைகேட்டையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டு, அதற்கு இரக்கம் என்று பெயரிடும் மேலாளர்கள் உண்டு. சங்கடமான அரைமணி நேர உரையாடலுக்கு அஞ்சுவதே அந்த இரக்கத்தின் உள்ளீடு. அதற்கான விலையை நேர்மையாக உழைப்பவர் கொடுக்கிறார்.

மறுபுறம், தவறு ஆளிடம் இல்லாமல் சுமையிலேயே இருக்கவும் கூடும். ஏசாவோடு பயணம் செய்ய நேர்ந்தபோது, மந்தையை ஒரே நாளில் விரட்டி ஓட்டினால் எல்லாம் இறந்துவிடும் என்று யாக்கோபு தயங்கியதைத் தொடக்க நூலில் காண்கிறோம். 64ஆம் இயலில் மடத்தலைவர்க்கு இதனையே ஆசீர்வாதப்பர் நினைவூட்டுகிறார். துருவை மிகுதியாகச் சுரண்டினால் பாத்திரமே உடைந்துவிடும் என்றும் எச்சரிக்கிறார். உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று திருத்தந்தை இரண்டாம் அருள்சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தியது இதனோடு ஒத்தே போகிறது.

இம்மென்மை அதிகாரத்தின் கசப்பை அறியாத ஒருவரின் மென்மை அன்று. மோந்தே கசினோவுக்கு முன், வேறொரு மடத்துத் துறவியர் வற்புறுத்தி அழைத்ததால் அவர் அவர்களுக்குத் தலைவரானார். அவருடைய கண்டிப்பைத் தாங்காத அவர்கள் திராட்சை இரசத்தில் நஞ்சு கலந்து கொடுத்தனர் என்றும், அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் கிண்ணம் உடைந்தது என்றும் திருத்தந்தை பெரிய கிரகோரியார் எழுதுகிறார். அவர் அவர்களைத் தண்டிக்கவில்லை; வேறு தலைவரைத் தேடிக்கொள்ளச் சொல்லித் தம் தனிமைக்குத் திரும்பினார்.

அத்தகையவர் எழுதிய நூலின் 29ஆம் இயல், மடத்தைவிட்டுப் போனவர் மனம் மாறித் திரும்பினால் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. முந்தைய இடம் கிடையாது. கடைசி இடத்தில்தான் அமர வேண்டும். மீண்டும் போய் மீண்டும் வந்தாலும் மூன்றாம் முறை வரை அவருக்குக் கதவு திறக்கும்.