புனைபெயரும் பொறுப்பும்

எனக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று வாப்பா வைத்தது. சம்பளப் பட்டியலில் இருப்பது. மற்றது, ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் நாங்கள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகைக்காக நானே சூட்டிக்கொண்டது.

நம்மவர்க்கு இது புதிதன்று. சின்னத்துரை ஆசிரியர் நீலாவணன் ஆனார். இஸ்மாயில் ஆசிரியர் மருதூர்க்கொத்தன் ஆனார். ஊரின் பெயரைத் தம் பெயரில் ஏந்திய அவர்கள் இன்னாரென்று ஊரே அறிந்திருந்தது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் எவரும் ஒளிந்திருக்கவில்லை.

நான் ஒளிந்திருந்தேன். 2012இல் முகநூலில் கணக்குத் திறந்தபோது புனைபெயரையே கொடுத்தேன். என் படத்துக்குப் பதிலாக ஒரு தென்னந்தோப்பின் படம். ஆசிரியன் வேறு, எழுத்தாளன் வேறு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் பொறுமைசாலி, முகநூலில் தயவு தாட்சண்யமற்ற விமர்சகன். இரண்டு வேடங்களையும் ரசித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் இலக்கியக் குழு ஒன்றில் ஒரு கவிதை வந்தது. பாய் இழைக்கும் உம்மாவின் விரல்களைப் பற்றியது. எழுதியவர் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. "முறித்துப் போட்ட வசனம் கவிதையாகாது. முதலில் ஒற்றுப்பிழை திருத்தப் பழகட்டும்" என்று கீழே எழுதினேன். சிரிப்புக் குறிகள் குவிந்தன. அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குழுக்களில் பாடம் நடத்தினோம். என் தொலைபேசி எண் எல்லா மாணவர் வீடுகளுக்கும் போனது. புனைபெயர்க் கணக்கும் அதே எண்ணில்தான் பதிவாகியிருந்தது. கைத்தொலைபேசிகளில் சேமித்த எண்களைக் கொண்டு, 'இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று ஆட்களைக் காட்டுவது முகநூலின் வழக்கம். பதினோராம் ஆண்டு மாணவி ஒருத்தி எனக்குத் தனியே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "சேர், அந்தப் பேர் நீங்களா?"

"ஓம்" என்று பெருமையோடு பதில் அனுப்பினேன். அதன்பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜூலையில் பாடசாலை திறந்ததும் அவள் முந்திய ஆண்டின் கொப்பியைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உம்மாவின் விரல்கள். அதே கவிதை. அதன் கீழே என் சிவப்பு மையில், "நன்று. தொடர்ந்து எழுதவும்."

நாற்பது கொப்பிகளுள் ஒன்றாக, வாசிக்காமலே நான் எழுதிய வரி அது.

இந்த இருவரில் உண்மையான நான் யார்? பெயர் மறைந்தால்தான் மனிதனின் சுயரூபம் வெளிப்படும் என்பார்கள். அப்படியாயின் விமர்சகனே நான், ஆசிரியன் நடிப்பு. ஆனால் கணக்கு அவ்வளவு இலேசாக முடியவில்லை. ஆசிரியன் பிள்ளையைக் கண்டான், கவிதையை வாசிக்கவில்லை. விமர்சகன் கவிதையை வாசித்தான், பிள்ளையைக் காணவில்லை. இருவருமே பாதி மனிதர்கள். பெயரை இரண்டாக்கியபோது பொறுப்பையும் பாதி பாதியாகப் பிரித்து, இரண்டு இடத்திலும் கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

நண்பர் ஒருவர், "புனைபெயர்களே வேண்டாம், எல்லோரும் சொந்தப் பெயரிலே எழுதட்டும்" என்றார். எனக்கு உடன்பாடில்லை. 2019 மே மாதம் சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் எழுதிய சில சொற்கள் மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்நாள்களில் நம்மில் பலர் படங்களையும் பதிவுகளையும் அழித்தோம். 2022 செப்டெம்பரில், சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடும் அரச ஊழியர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படலாம் எனப் பொது நிருவாக அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. வீட்டார் அறியாமல் எழுதும் பெண்கள் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். இவர்களுக்கெல்லாம் மறைவு ஒரு கூரை. அதைப் பிடுங்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் வலியவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மறைவது வேறு. எளியவரை அடித்துவிட்டு மறைவது வேறு. அந்த மாணவி முதலெழுத்துகளுக்குள் ஒதுங்கியது முதலாவது வகை. நான் தென்னந்தோப்புக்குள் ஒதுங்கியது இரண்டாவது. திரை ஒரே மாதிரியாக இருந்தாலும் அதன் பின்னால் நிற்பவரின் நோக்கம் ஒன்றல்ல. திரை நாளை விழுந்தால் இந்த வரிக்குப் பக்கத்தில் நிற்பேனா என்பதே இப்போது என்னிடம் நான் கேட்கும் கேள்வி. தொலைபேசி எண் ஒன்றே அதை விழுத்தப் போதும் என்பதையும் கண்டுகொண்டேன்.

அவளுடைய வீட்டுக்குப் போய், உம்மாவின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். இழைத்த பாதிப் பாய் திண்ணையில் கிடந்தது. உம்மாவுக்கு விடயம் விளங்கவில்லை; தேத்தண்ணி கொண்டுவந்தார். மாணவி, "பரவாயில்ல சேர், ஒற்றுப்பிழை இருந்ததுதானே" என்றாள். தலை நிமிரவில்லை.

என் முகநூல் பக்கத்தில் புனைபெயரின் கீழ் வாப்பா வைத்த பெயரையும் இப்போது சேர்த்திருக்கிறேன். முன்னைவிடக் குறைவாக எழுதுகிறேன். கொப்பிகளை மெதுவாகத் திருத்துகிறேன். அவள் மீண்டும் கவிதை எழுதுகிறாளா என்று கேட்க மட்டும் இன்னும் துணிவு வரவில்லை.