ஏரி காத்த எலும்புகள் யாருக்குரியன?

நேற்று அடக்கஞ் செய்யப்பட்ட ஒருவரின் உடலை உறவினரின் சம்மதமின்றித் தோண்டியெடுத்தல் குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கஞ் செய்யப்பட்டவரைத் தோண்டியெடுத்தலோ ஆராய்ச்சி எனப்படுகின்றது. இறந்தவர் எந்த ஆண்டில் 'அவர்' என்னும் நிலை நீங்கி 'அது' ஆகின்றார்? உயர்திணை அஃறிணையாகும் எல்லை யாது?

இயற்கை தன் வழக்கமான தொழிலைச் செய்திருப்பின் இவ்வினா எழுந்தேயிராது. பெரும்பாலான எலும்புகள் மண்ணோடு மண்ணாகிவிடுகின்றன. இதற்கு விலக்காக அமைவன பழைய ஏரிகளும் சதுப்புநிலங்களும். அங்கு நுண்ணிய வண்டல் உடலை விரைந்து மூடுகின்றது. ஒட்சிசன் குறைந்த சேற்றில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. நீரிற் கரைந்துள்ள கனிப்பொருள்கள் எலும்பின் நுண்டுளைகளிற் படிகின்றன. ஆயினும் எல்லா நீர்நிலைகளும் ஒரு தன்மையன அல்ல. 1950 இல் டென்மார்க்கின் சதுப்புநிலமொன்றிற் கண்டெடுக்கப்பட்ட தொல்லுண்ட் மனிதனின் முகச்சுருக்கங்கள்கூட அழியாதிருந்தன. அமிலந் தோய்ந்த அத்தகைய நிலம் தோலைப் பதனிட்டுக் காக்கும். எலும்பின் சுண்ணத்தைக் கரைக்கும். சுண்ணம் மிக்க ஏரிக்கரையோ தோலைக் கைவிட்டு எலும்பைக் காக்கும்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துத் தென்மேற்கிலுள்ள மங்கோ ஏரி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது வற்றிப் பல்லாயிரம் ஆண்டுகளாயின. நீர்மட்டம் ஏறியிறங்கிய காலங்களிற் காற்று வாரிக் கொணர்ந்த மணலும் களியும் அதன் கீழ்க்கரையிற் பிறைவடிவ மேடாகக் குவிந்தன. அங்குப் புதைக்கப்பட்டோரின் எலும்புகளை அம்மேட்டின் சுண்ணம் காத்தது. பின்னாளில் ஐரோப்பியக் குடியேறிகளின் செம்மறியாடுகள் புற்பூண்டுகளை மேய்ந்தழிக்க, மேடு விரைந்து அரிக்கப்படலாயிற்று. 1968 இல் ஜிம் போலர் என்னும் புவிச்சரிதவியலாளர் எரியூட்டப்பட்ட பெண்ணொருத்தியின் எலும்புகளை அங்குக் கண்டார். 1974 பெப்ரவரியில் ஆணொருவரின் எலும்புக்கூட்டைக் கண்டவரும் அவரே. அம்மனிதரின் கைகள் கோத்து வைக்கப்பட்டிருந்தன. உடலின்மீது செங்காவி தூவப்பட்டிருந்தது. அக்காவி அவ்விடத்துக்குரியதன்று, தொலைவிலிருந்து கொணரப்பட்டது. இருவரும் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள்.

ஏரிக்கு நோக்கமில்லை. அது காத்தது தற்செயல். அத்தற்செயலால் எவருக்கும் உரிமை பிறப்பதில்லை. காவி தூவிய கைகளுக்கோ நோக்கம் இருந்தது. அவர்கள் எதிர்கால ஆய்வுகூடத்துக்கு மாதிரியொன்றை விட்டுச்செல்லவில்லை. தம்முள் ஒருவரை அடக்கஞ் செய்தனர்.

ஆயினும் இருவரது எலும்புகளும் ஆதிக்குடிகளைக் கேளாமலே கன்பராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இத்துணை நீண்ட காலத்துக்குப் பின் இன்றுள்ளோர் அவர்தம் வழித்தோன்றல்கள் என்பதற்குச் சான்று யாது என வினவுவோர் உளர். இவ்வாதம் உறவை நீதிமன்றச் சான்றாகக் குறுக்கிவிடுகின்றது. இறந்தவர்பாற் கடமையுண்டு என ஏற்றுக்கொள்ள ஒரு சமூகம் இருக்கும்வரை அவர் உயர்திணையே. ஆண்டுக்கணக்கு இதனை மாற்றாது.

எனினும் அறிவியலின் பக்கத்தை எளிதில் ஒதுக்குதல் நேர்மையன்று. அந்நிலத்தில் ஆதிக்குடிகளின் தொன்மையை உலகம் மறுக்கவியலாதவாறு நாட்டியது அவ்வெலும்புகளின் ஆய்வே. மீளப் புதைத்தபின் நாளைய முறைகளால் அறியத்தக்கவை கைநழுவும். இழப்பு உண்மையானது. ஆனால் அறிவின் இழப்பெல்லாம் அநீதி ஆகிவிடாது. கேளாமல் எடுத்ததோ அநீதியே. ஆராய்ந்தமையிலன்று, கேளாமையிலேயே தவறு கிடந்தது.

1992 இல் அப்பெண்ணின் எலும்புகள் திருப்பிக் கொடுக்கப்பட்டு, இரு திறவுகோல்களாலன்றித் திறக்கவியலாத பெட்டகமொன்றில் வைக்கப்பட்டன. ஒன்று ஆதிக்குடிகளிடமும் மற்றையது தொல்லியலாளரிடமும் இருந்தன. இவ்வழக்கிற் காணக்கிடைத்த ஏற்பாடுகளுள் ஒருவேளை இதுவே மிக நியாயமானது. ஆணின் எலும்புகள் 2017 நவம்பரிற் பிரேத ஊர்தியில் ஊர் திரும்பின. நூதனசாலைப் பொருளுக்கு எவரும் பிரேத ஊர்தி அமர்த்துவதில்லை. 2022 மே மாதத்தில் இருவரும் வெளியிடப்படாத இடத்தில் மீளப் புதைக்கப்பட்டனர். வழித்தோன்றல்களுள்ளேயே ஒருசாரார் தம்மைக் கேளாது இது நிகழ்ந்ததென எதிர்த்தனர். முன்னர் அறிவியலாளரை நோக்கி எழுந்த அதே முறைப்பாடு இப்போது உறவினருள் எழுந்தது.

மங்கோவின் மேட்டைக் காற்றும் மழையும் இன்னும் அரித்துக்கொண்டிருக்கின்றன. அங்குப் புதைக்கப்பட்டோர் அவ்விருவர் மட்டுமல்லர்.